சேற்றுப் பூதத்துக்கு ஒரு நாற்காலி

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பைத்தியம் பிடிக்கும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதிக்கும் அறையில் மேசை போட்டு, கூட்டாளிகளோடு கதை விளையாட்டு ஆடுவார். கதையை அவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் புகுந்து, பகடை உருட்டி, அரக்கர்களை அடித்து நொறுக்குவார்கள். கழுதை வயசாகியும் இதென்ன கூத்து என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்றைக்குத் தங்கையையும் கூட்டி வந்திருந்தார். புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து அவள் அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்து வந்தார். இன்றைக்கு மனசு நொந்து எழுந்து போனாளானால் மறுபடி அந்த அறைக் கதவு திறக்காது என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல்.

"நீ யாரா வர்றேம்மா? வில்லாளியா, வைத்தியச்சியா?"

"சேத்துப் பூதம்."

லிஃப்ட் மெக்கானிக் வாயைப் பிளந்தான். ஆட்டத்தில் அவன் தூக்கும் ஆயுதத்தை வைத்து எல்லோருக்கும் அவன் 'சம்மட்டி'.

"அண்ணே, அது நாம அடிக்கறதுக்குன்னே இருக்கறது. அதுக்கு இடம் குடுத்தா அடுத்த வாரம் டீச்சர் டிராகனா வரணும்பாங்க."

"வரமாட்டேன்பா," என்றார் கணக்கு டீச்சர். "அவ்வளவு பல்லையும் யாரு விளக்கறது?"

"பூதம்னா பூதம்தான். என் கதை, நான் பாத்துக்கறேன்," என்று கடைக்காரர் பேச்சை முடித்தார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார். "சதுப்பு நிலம். முழங்கால் வரைக்கும் சேறு. திடீர்னு அந்தச் சேறு அசையுது. ரெண்டு கண்ணு தெரியுது..."

அவ்வளவுதான். சேற்றில் கண் தெரிந்தால் சம்மட்டிக்குக் கை சும்மா இருக்காது, வருஷக்கணக்கான பழக்கம். "அடிக்கிறேன்!" என்று பகடையை வீசிவிட்டான். இருபது. அந்த இருபது முகப் பகடையில் அதற்கு மேல் எண்ணே கிடையாது; அது விழுந்தால் ஒரே அடியில் எதிராளி காலி.

"அடப்பாவி, அது நம்ம ஆளுடா!" என்றார் டீச்சர்.

விழுந்த பகடை விழுந்ததுதான் என்பது கடைக்காரரே வகுத்த சட்டம். தங்கை அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பரவாயில்லண்ணா," என்று கைப்பையை எடுத்தாள். "அடிக்கறதுக்குன்னே இருக்கறதுதானே."

சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று கடைக்காரர் பகடையை அள்ளப் போனார். சம்மட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருங்கண்ணே. இருபது போட்டவன்தான் அடி எங்க விழுந்துச்சுன்னு சொல்லணும். அதுவும் உங்க சட்டம்தான்." வெட்கத்தில் அவனுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. அவளைப் பார்த்துச் சொன்னான்: "பூதத்தோட கால்ல ஒரு சங்கிலி இருக்குக்கா. யாரோ கட்டிப் போட்டுட்டுப் போயிருக்காங்க. என் சம்மட்டி அதுமேலதான் விழுது. சங்கிலி தெறிச்சுப் போச்சு."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு கால்லயும் ஒண்ணு இருக்கு தம்பி," என்றாள். "அதை நானே உடைச்சுக்கறேன். பகடையை இங்க தள்ளு."