ஏழுக்கு ஒன்று

கணவரின் உடம்பில் நீலச் சட்டையின் இடது கையை மாட்டிவிட்டாள். வலது கை மடங்க மறுத்தது. விடிகாலையில் மருத்துவமனையில் போன உயிர். வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது.

“இருங்க அண்ணி, நான் தூக்கறேன்” என்று கொழுந்தன் அண்ணனின் தோளைப் பிடித்து உயர்த்தினான். விலாவிலிருந்து முதுகுப் பக்கமாக வளைந்து போன தழும்பு ஒரு கணம் தெரிந்து சட்டைக்குள் மறைந்தது. அறுவை சிகிச்சை நடந்து பதினாலு மாதம். வலது நுரையீரலில் கீழ்ப் பாதியை எடுத்துவிட்டு, “கட்டியைச் சுத்தமா எடுத்தாச்சும்மா” என்று டாக்டர் சொன்ன அன்று அவள் ஆஸ்பத்திரிக் கேண்டீனில் இரண்டு டீ வாங்கி இரண்டையும் அவளே குடித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, காலரைத் தடவிச் சரிசெய்தாள். இருபத்திரண்டு வருஷமாக கார்மெண்ட்ஸில் செக்கர் வேலை. ஒரு நாளைக்கு நானூறு சட்டை அவள் கை வழியாகப் போகும். தையல் ஓர் இழை பிசகினாலும் விரல் நின்றுவிடும்.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். லிஃப்ட் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த இருவர் சுவரோரம் நின்று, எப்போதும் அவர் சொல்லும் ஜோக்கை மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், “ஊர்ல உள்ளவங்களை எல்லாம் மேல அனுப்பறதுதான் நம்ம தொழில்” என்பார். சிரிப்பு வந்து, இடம் தெரிந்து அடங்கியது. மூன்று மணிக்கு மயானத்துக்கு வண்டி வரும்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவளிடம் வந்தார். மகள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை அதிகாரி. மகள் வீட்டில் ‘லேப் மேடம்’ என்று சொல்வது இவரைத்தான்.

“உங்களை நெனச்சா ஆச்சரியமா இருக்கும்மா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆபரேஷனுக்கு முன்னாடியே தெரிஞ்சும், இத்தனை மாசம் முகத்துல காட்டாம வச்சிருந்தீங்களே. அந்தத் தைரியம் யாருக்கு வரும்?”

“என்ன தெரிஞ்சு?”

“அதான்... அந்த ரத்த ரிப்போர்ட். உங்க பொண்ணு மெஷின்லதான் தப்புன்னு ரெண்டாம் தடவையும் ஓட்டிப் பாத்துட்டு, என் ரூமுக்கு வந்து அழுதாளே. அப்புறம் நீங்க தங்கச்சி பிரசவத்துக்குப் போனப்பகூட அந்த நாப்பது நாளும் லீவு போட்டு அப்பா பக்கத்துலயே...”

மேடம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். சமையலறை வாசலில் டீத் தட்டோடு மகள் நின்றிருந்தாள். தட்டில் கிளாசுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். மகள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

“சொல்லு.”

“அம்மா, இப்ப வேணாம்மா.”

“இப்ப சொல்லு. அவரு வெளியில இருக்கறப்பவே சொல்லு.”

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “ரத்தத்துல வெள்ளை அணு இருக்கும்ல. அதுல ஒரு வகை, உடம்புக்குள்ள அழற்சி இருந்தா கூடும். இன்னொரு வகை, நோயை எதிர்த்து நிக்கறது. ரெண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நல்லா இருக்கறவங்களுக்கு ரெண்டுக்கு ஒண்ணு, மிஞ்சினா மூணுக்கு ஒண்ணு. அப்பாவுக்கு ஏழுக்கு ஒண்ணு. சளி, காய்ச்சல் இருந்தாலும் அப்படிக் காட்டும்னு ஒரு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்தேன். அப்பவும் ஏழுதான்.”

“ஏழுன்னா என்ன?”

“கட்டியை முழுசா எடுத்தாலும், அப்படி இருக்கறவங்கள்ல நிறைய பேருக்குத் திரும்பி வந்துடுதும்மா. ரொம்ப நாள்... எல்லாருக்கும் இல்ல. நிச்சயமாச் சொல்ல முடியாது. டாக்டரும் அதான் சொன்னாரு.”

“டாக்டர்கிட்ட கேட்டியா நீ?”

“ஆபரேஷன் முடிஞ்சு செக்கப்புக்குப் போனப்ப அப்பாதான் கேட்டாரு. நானும் கூட இருந்தேன். லிஃப்ட் கயிறு எப்ப அறும்னு சொல்ல வேணாம் டாக்டர், தேஞ்சிருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கன்னாரு. அவரும் சொல்லிட்டாரு.”

“நான் எங்க இருந்தேன்?”

“மாத்திரை வாங்கக் கீழ போயிருந்த.”

அவளுக்கு அந்த நாள் நினைவில் இருந்தது. வரிசை நீளமாக இருந்தது. மேலே வந்தபோது அப்பாவும் மகளும் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். “எல்லாம் நல்லாருக்காம், கெளம்பலாம்” என்று அவர்தான் சொன்னார். மகள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அவகிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா. தெரிஞ்சா இன்னிக்கே அழ ஆரம்பிச்சுடுவா, நான் இருக்கும்போதே நான் போன வீடு மாதிரி ஆயிடும்னாரு.”

“அழுவேன்னு அவரே முடிவு பண்ணிட்டாரா?”



தங்கைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த இரட்டைக் குழந்தைகள். போகலாமா வேண்டாமா என்று அவள் தயங்கியபோது, பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தது அவர். “நான் என்ன பச்சக் குழந்தையா? போய்ட்டு வா” என்றார். தினமும் சாயங்காலம் அங்கிருந்து போன் செய்தாள். மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த, மூன்று பந்துகள் வைத்த கருவியில் மூச்சை இழுத்தாரா என்பதுதான் முதல் கேள்வி. “மூணு பந்தும் மேல போய் நின்னுடுச்சு” என்பார். பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும். என்ன அது என்றால், டிவி என்பார்.

“நான் போன் பண்றப்ப எங்க இருப்பீங்க?”

“அம்மா...”

“கேக்கறேன்ல.”

“ஒரு நாள் அப்பா முதல் முதலா லிஃப்ட் மாட்டின கட்டடத்துக்குப் போனோம். பதினேழு மாடி. மூணு தடவை மேலயும் கீழயும் போய்ட்டு வந்தாரு. வாட்ச்மேன் சண்டைக்கு வந்துட்டான். அப்புறம் ஏரிக்குப் போவோம். எனக்கு பைக் ஓட்டச் சொல்லிக்குடுத்தாரு. பெஞ்சுல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாரு. முக்கால்வாசி உன்னைப் பத்திதான்மா பேசுவாரு.”

“அதை என்கிட்டப் பேசியிருக்கலாம்.”

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். எப்போதும் கிட்டப் போய் அணைத்துக்கொள்பவள் இன்று போகவில்லை.

“நான் ஊர்லருந்து வந்து ஒரு மாசத்துல அவருக்கு இருமல் ஆரம்பிச்சுது” என்றாள். “பயிற்சியை ஒழுங்காப் பண்ணியிருந்தா இப்படி வருமான்னு அவரைத் திட்டினேன். சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வச்சுத் திட்டினேன். நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்த. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்ல? அவர் மேல தப்பில்லன்னாவது ஒரு வார்த்தை?”

“அப்பா என்னைப் பாத்து வேணாம்னு தலையாட்டினாரும்மா.”

நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தாள். ஒரே மேசை. ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் அவர் தலையாட்டியிருக்கிறார்.

கதவைத் தட்டி, “அண்ணி, வண்டி வந்துடுச்சு” என்றான் கொழுந்தன். அவள் கதவைத் திறந்தாள்.

“தம்பி, உனக்கும் தெரியுமா?”

எதைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அழுத கண்களோடு நின்ற அண்ணன் மகளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னு... என்னை மன்னிச்சிடுங்க அண்ணி.”

“சரி. தூக்குங்க.”

வண்டியில் அவள் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். ஒரு திருப்பத்தில் அவர் தலை லேசாக அவள் பக்கம் சாய்ந்தது. கையை நீட்டி நேராக்கினாள். அந்தத் தலையை முகத்துக்கு நேராகப் பிடித்து, ஏங்க, பொண்ணுகிட்ட சொல்ல முடிஞ்சுது, தம்பிகிட்ட சொல்ல முடிஞ்சுது, இருபத்தாறு வருஷம் கூடப் படுத்தவகிட்ட சொல்ல வாய் வரலையா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள். எதிரில் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள்.

தகன மேடை அலுவலகம் ஒரு சின்ன அறை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. குமாஸ்தா ஒரு படிவத்தை நகர்த்தி, கீழே கோடு போட்ட இடத்தைக் காட்டினார்.

“ரொம்ப நெருங்கினவங்க யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடணும். நீங்கதானம்மா சம்சாரம்? இங்க போடுங்க.”

அவர் நீட்டிய பேனாவை அவள் பார்த்தாள்.

“அவகிட்டக் குடுங்க” என்று பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினாள்.

குமாஸ்தா புரியாமல் இருவரையும் பார்த்தார். மகள், “அம்மா, நீ போடும்மா” என்றாள். “அம்மா, ப்ளீஸ்.”

வெளியே அடுத்த வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மேசைமேல் வைத்தார்.

மகள் அதை எடுத்துக் குனிந்தாள். மின்விசிறிக் காற்றில் படிவம் எழும்பி எழும்பி மடங்கியது. மகளின் முகத்தைப் பார்க்காமல், அவள் ஒரு விரலை மட்டும் நீட்டி காகிதத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.