எண்ணெய் வாயோடு முங்கியவன்

இத்தாலியின் புத்தெயோலித் துறைக்குள் நுழைகிற எல்லாக் கப்பலும் மேல்பாயை இறக்கியாக வேண்டும். அலெக்சாந்திரியாவிலிருந்து கோதுமை கொண்டுவரும் எங்களுக்கு மட்டும் விலக்கு. ரோமாபுரிக்கே ரொட்டி போடுகிறவர்கள் அல்லவா! அந்தத் திமிரில் பாயை இறக்காமல், வேகம் குறையாமலே துறையின் அலைதடுப்புச் சுவர்ப் பக்கம் வந்துவிட்டேன். எவனோ போட்டிருந்த நங்கூரத்தின் கொம்பு கப்பலின் அடியைக் கிழித்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், வேறு யாரைத் திட்ட?

நனைந்த கோதுமை ஊதும். ஊதினால் பலகையைப் பிளந்துவிடும். இருபது பேர் இறைத்தும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. பதினெட்டு வருஷமாக நான் தண்டலாக நின்று ஓட்டிய, எனக்கு வீடாகவும் வாழ்வாகவும் இருந்த கப்பல் மாலைக்குள் போய்விடும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

துறையில் முங்கி வேலை செய்யும் குளியாட்களில் ஒருவன் படகில் வந்து சேர்ந்தான். பெயர் ஸ்டேனியஸ். தொப்பையும் பூண்டு வாடையுமாக இருந்தான்.

"இந்த வயித்த வச்சுக்கிட்டு முங்குவியா? மிதக்கத்தான் செய்வே!" என்றேன். பயத்தில் வாய் அப்படித்தான் போகும்.

"மிதந்தா உங்க கப்பலோட சேத்துக் கட்டிருங்க தண்டலே, முழுகாம இருக்கும்," என்றபடி ஒரு வாய் எண்ணெயை ஊற்றிக்கொண்டான்.

சுக்கான் பிடிக்கும் பாக்கிஸ் சிரித்துவிட்டான். "அடியில போயி மீன் வறுக்கப் போறியாண்ணே?"

வாய் நிறைய எண்ணெய். ஸ்டேனியஸ் விரலை மட்டும் ஆட்டிவிட்டு முங்கினான். கீழே போய் அதைத் துப்பினால் கலங்கல் விலகிக் கண் தெரியுமாம்.

முதல் முறை ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். அடுத்த முறை கீல் என்னும் தாரில் தோய்த்த கம்பளியைத் திணித்தான். பிறகு ஈயத்தகடும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனான்.

நான் சரக்கறைக்குள் இறங்கிப் பலகையில் காதை வைத்தேன். டக், டக். தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் ஆணி அடிக்கிறான்! மேலே வருவான், ஒரு மூச்சு இழுப்பான், மறுபடி போவான். அடேயப்பா, என்ன நெஞ்சுரம்! எத்தனையோ துறை பார்த்தவன் நான், இப்படியொரு ஆளைப் பார்த்ததில்லை. ஆணி ஏற ஏறத் தண்ணீர் குறைந்தது. கடைசியில் நின்றேவிட்டது.

நான் ஏறி வந்தபோது மேல்தளத்தில் அவனைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு காதிலும் ரத்தம் வழிந்தது.

"நின்னுச்சா?" என்றான்.

"நின்னுருச்சுய்யா! நீ நல்லாயிருப்பே, நின்னுருச்சு!"

என் வாயையே பார்த்தான். "சொல்லுங்க தண்டலே, நின்னுச்சா இல்லையா?"

பாக்கிஸ் அவன் காதருகே குனிந்து கத்தினான். ஸ்டேனியஸ் ஒரு காதைத் தட்டினான், மற்றதையும் தட்டினான். அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

கையைப் பிடித்துக் கீழே அழைத்துப்போனேன். அவன் கையை முழங்கை வரை கோதுமைக்குள் அழுத்தினேன். துழாவினான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கடித்தான். நனையாத மணி.

"நின்னுருச்சு!" என்றான், துறை முழுக்கக் கேட்கிற குரலில்.