முத்துத்தாடை வீடு

பூமிகாவுக்குப் பல் வலி என்றுதான் எல்லாம் தொடங்கியது. பதின்மூன்று வயசுப் பெண், கண்ட மிட்டாயையும் தின்கிறாள், சொத்தையாக இருக்கும் என்று நினைத்துத்தான் ரம்யா மகளைப் பொன்னேரிக்கு அழைத்துப்போனாள். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஜபீன் டாக்டரின் பல் ஆஸ்பத்திரி. பழவேற்காட்டுக்காரப் பெண், ஊசி போடும்போதுகூடச் சிரிப்புக் காட்டிக்கொண்டே போடுவாள்.

அன்று எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"சொத்தை இல்லம்மா. இருக்கவேண்டிய பல்லுக்கு மேல இன்னும் ரெண்டு மூணு பல்லு எலும்புக்குள்ளயே மாட்டிக்கினு இருக்கு." பிறகு பூமிகாவின் தாடையோரமாக விரலை ஓட்டினாள். காதுக்குக் கொஞ்சம் கீழே விரல் நின்றது. "இங்க கெட்டியா ஒண்ணு இருக்கே, இது எப்பலேர்ந்து?"

ரம்யாவுக்குச் சிரிப்பு வந்தது. "அதுவா டாக்டர்? அது எங்க ஊட்டு முத்து."

ஊரில் அவர்கள் வீட்டுக்கே முத்துத்தாடைக்காரர் வீடு என்றுதான் பெயர். பட்டாணி அளவுக்கு எலும்பு முண்டியிருக்கும். வலி கிடையாது, ஒன்றும் கிடையாது. பூமிகாவுக்குப் பத்து வயசில் அது தட்டுப்பட்டபோது, எங்க அப்பா ஜாடை வந்துடுச்சு என்று ரம்யாவின் கணவன் சரவணகுமார் தெருவுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தான்.

"வேற யார் யாருக்கு இருக்கு?"

"எங்க ஊட்டுக்காரருக்கு இருக்கு. மாமனாருக்கு இருந்திச்சு. அவரு தம்பிக்கு இருந்திச்சு. போன வருசம் தவறிப்போன எங்க மூத்தாருக்கும் இருந்திச்சு." சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் தானாகவே தணிந்தது. கணவனைத் தவிர மற்ற எல்லோரையும் இருந்திச்சு, இருந்திச்சு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எதுல தவறுனாங்க?"

"வயித்துல. ரத்தமாப் போயி, கடைசில கட்டின்னாங்க. யாருமே நாப்பத்தஞ்ச தாண்டல."

ஜபீன் பூமிகாவை வெளியே போய் உட்காரச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, "நான் பல் டாக்டர். இது என் வேலை இல்ல," என்றாள். "ஆனா தாடையில இந்த மாதிரி எலும்பும் கூடுதல் பல்லும் சேந்து இருந்தா, குடலப் பாக்கச் சொல்லுன்னு எங்களுக்குப் பாடத்துலயே இருக்கு. உங்க வீட்டுக்காரர சென்னைக்கு அழச்சினு போங்க. அப்புறம் பாப்பாவ."

"அவங்க செத்தது கம்பெனித் தண்ணியால, டாக்டர். கேஸு நடக்குதே, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஸ்டேஷன் செவுத்துல உங்க போஸ்டரப் பாத்திருக்கேன்." ஜபீன் தன் தாடையோரத்தைத் தொட்டுக் காட்டினாள். "அதுல இருக்கற மூணு பேர் தாடையிலயும் இது இருக்கும்மா."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து வரும் கால்வாய் அவர்கள் ஊர் நிலத்தை ஒட்டித்தான் போகிறது. மழைக்காலத்தில் கறுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் ஏறிய வயலில் நாற்று வேரோடு கருகும். ஊரே சேர்ந்து கம்பெனி ஒன்றின் மேல் வழக்குப் போட்டிருந்தது. முன்னால் நின்றவன் சரவணகுமார். வயல் கெட்டதையும் கிணறு கெட்டதையும் சொன்னபோது காதில் வாங்காத அதிகாரிகள், ஒரே வீட்டில் மூன்று சாவு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதிலிருந்து அப்பா, சித்தப்பா, அண்ணன் சுப்பிரமணி மூன்று பேர் படங்களும் எல்லாக் கூட்டத்திலும் மேடை ஏறின.

வீட்டுக்கு வந்த ரம்யா கணவனிடம் உடனே எதையும் சொல்லவில்லை. அவனைப் பார்க்க ஆரம்பித்தாள். சட்டை தோளில் தொங்கியது. வழக்கு வழக்கு என்று அலைவதால் இளைத்திருக்கிறான் என்று இதுவரை நினைத்திருந்தாள். காலையில் கழிவறைக்குப் போனால் வெளியே வர வெகுநேரம் ஆகிறது. தன் லுங்கியைத் தானே அலசிப் போடுகிறான். கல்யாணமான நாளாக இல்லாத பழக்கம். சுப்பிரமணி மூத்தாரும் கடைசி வருஷம் இப்படித்தான் துணியை ஒளித்து ஒளித்துத் துவைத்தார் என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

சாப்பிட உட்கார்ந்தவனிடம் ஒருவழியாகச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். பிசைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"பல்லப் புடுங்கறவ வயித்தப் பத்திச் சொல்றாளா?"

"ஒரு தடவ போய்ப் பாத்துக்கலாம். ஒண்ணும் இல்லன்னா நல்லதுதான?"

"போய்ப் பாத்து, இது உங்க ரத்தத்துல இருக்கற வியாதின்னு அவன் எழுதிக் குடுத்தா? கம்பெனி வக்கீலு அத ஃபிரேம் போட்டு மாட்டிக்குவான். அப்புறம் எங்க அப்பா, எங்க அண்ணன், எல்லாரும் சும்மா செத்தாங்களா? நீ இன்னா அவன் பக்கம் பேசிக்கினு இருக்க?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். பூமிகா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை ரம்யா அப்புறம்தான் பார்த்தாள்.

அடுத்த வாரம், ஆரணியில் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மகளோடு பொன்னேரியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனாள். ஜபீன் சொல்லி அனுப்பிய குடல் டாக்டர் சாலமோன் அதிகம் பேசாதவர். பூமிகாவின் தாடையைத் தொட்டுப் பார்த்தார். குடும்பத்தில் யார், எப்போது, எப்படி என்று கேட்டார். அவளை வெளியே அனுப்பிவிட்டு ரம்யாவிடம் நிதானமாகச் சொன்னார்.

"செல்லு கண்டபடி வளராம புடிச்சு நிறுத்தறதுக்கு நம்ம உடம்புல ஒரு ஜீன் இருக்கு. அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, ரெண்டு இருக்கும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தாங்கும். உங்க வீட்டுக்காரர் குடும்பத்துல பொறக்கும்போதே அதுல ஒண்ணு கெட்டு வருதுன்னு நினைக்கிறேன். குடல்ல ஒரு செல்லுல மிச்சம் இருக்கறதும் கெட்டுப்போச்சுன்னா, அந்த இடத்துல ஒரு மொட்டு வரும். குடல்ல கோடிக்கணக்கான செல்லு இருக்கு. அதனால மொட்டும் நூத்துக்கணக்குல வரும்."

"மொட்டுன்னா கேன்சரா சார்?"

"இல்ல. அதுக்கு மேல இன்னொரு ஜீன் மாறணும், அப்ப மொட்டு பெருசாகும். அப்புறம் இன்னொண்ணு மாறணும். கடைசியா, கெட்டுப்போன செல்ல அழிக்கறதுக்குன்னே காவலுக்கு ஒரு ஜீன் இருக்கு, அதுவும் போச்சுன்னா கேன்சர். வருஷக்கணக்கா ஆகும். வலிக்காது, வெளிய தெரியாது. ஆனா அத்தன மொட்டுல ஏதோ ஒண்ணு எல்லாப் படியும் ஏறிடும்மா. ஏறாம விடறதில்ல."

ரம்யா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "அப்ப தண்ணியால இல்லயா சார்?"

"கெட்ட தண்ணி கெட்ட தண்ணிதான். அது வேற என்ன செஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரே குடும்பத்துல, இதே அடையாளத்தோட வர்ற இது, தண்ணில ஆரம்பிச்சதில்ல." பேனாவை மூடி வைத்தார். "பாப்பாவ மட்டும் சோதிச்சா முழுசா சொல்ல முடியாது. முதல்ல அவ அப்பாவோட ரத்தத்துல எந்த எடத்துல கெட்டிருக்குன்னு கண்டுபுடிக்கணும். அவர அழச்சினு வாங்க."

திரும்பும் ரயிலில் பூமிகா ஜன்னலோரம் தூங்கிப்போனாள். ரம்யா மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூச்சுக்கு ஏறி இறங்கிய அந்தச் சின்ன வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சரவணகுமாரை அசைக்க வேறு ஆள் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஓரகத்தி சுமலதாவிடம் போனாள். சுப்பிரமணி போன பிறகு சுமலதா மகன் அன்புசெல்வனோடு பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். இருபத்திரண்டு வயசுப் பையன், தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவன் தாடையில் முத்து இல்லை. ஆனால் அதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, அவனையும் பார்த்தாக வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.

எல்லாவற்றையும் கேட்ட சுமலதா எழுந்து செருப்பை மாட்டினாள். நேராக வயலுக்குத்தான் போனார்கள். வரப்பில் நின்றுகொண்டிருந்த சரவணகுமார் இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணி, நீங்க வேற பேஜாரு பண்ணாதீங்க."

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். உங்க அண்ணன் படுக்கையில கிடந்தப்ப சொன்னாரு. உங்க அப்பாவுக்கு ரத்தம் போவ ஆரம்பிச்சப்ப அந்தக் கம்பெனிக்குக் காம்பவுண்டு செவுருகூட எழும்பலயாம். அங்க அப்ப சவுக்குத் தோப்பு இருந்திச்சாம். மெய்யா, பொய்யா?"

சரவணகுமார் கால்வாய்ப் பக்கம் பார்த்தான். தண்ணீர் நுரையோடு போய்க்கொண்டிருந்தது. "எனக்குத் தெரியாதா அண்ணி?" என்றான். "அந்தத் தோப்புலதான் நானும் அண்ணனும் சுள்ளி பொறுக்குவோம்."

"தெரிஞ்சுமா?" என்றாள் ரம்யா.

"கம்பெனின்னா கேட்டுல போய் நின்னு கத்தலாம். இத எங்க போய்க் கத்தறது?" வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். "எனக்கும் ரெண்டு மாசமா ரத்தம் போவுது, ரம்யா."

அவளுக்கு அது தெரியும். ஆனாலும் அவன் வாயால் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சரவணகுமாரின் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் சாலமோன், திரையில் ரம்யாவையும் பார்க்கச் சொன்னார். உள்சுவர் முழுக்கக் கம்பளம் விரித்தது போல மொட்டு மேல் மொட்டு. வெறும் தசை என்று சொல்ல ஒரு விரற்கடை இடமில்லை. வளைவு ஒன்றில் மட்டும் ஒன்று பெருத்து, நடுவில் குழிந்து, கறுத்திருந்தது. அது எல்லாப் படியும் ஏறி முடித்திருந்தது. கல்லீரலுக்குப் போகவில்லை, நிணநீர்க் கட்டி ஒன்றிரண்டில் போயிருக்கிறது என்றார்கள். பெருங்குடலை மொத்தமாக எடுத்தார்கள். அதன் பின் கீமோ. சரவணகுமார் பிழைத்தான். ஆனால் முப்பத்தெட்டு வயசு மனிதன் பாதி ஆளாகத்தான் வீட்டுக்கு வந்தான்.

அதற்குள் ரத்தத்தில் அந்தக் கெட்ட இடம் அகப்பட்டுவிட்டது. பூமிகாவுக்கும் அன்புசெல்வனுக்கும் அதே இடத்தைப் பார்த்தார்கள். முடிவைச் சொல்ல எல்லோரையும் ஒன்றாகவே கூப்பிட்டிருந்தார்கள்.

அன்புசெல்வனுக்கு இல்லை.

பூமிகாவுக்கு இருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் சுமலதா மகனைக் கட்டிக்கொண்டு விம்மினாள். பிறகு தலையைத் தூக்கியவள் எதிரில் ரம்யா நிற்பதைக் கண்டு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ரம்யா போய் அவள் தோளைத் தொட்டு, "நல்லா அழுங்கக்கா, சந்தோசந்தான," என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து சுமலதா பழையபடி வீட்டுக்கு வருவதில்லை. வந்தாலும் பூமிகா இருக்கும் பக்கம் பார்க்காமல் பேசிவிட்டுப் போய்விடுவாள்.

நடக்கத் தெம்பு வந்ததும் சரவணகுமார் செய்த முதல் வேலை, ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று படங்களையும் எடுத்துவிடச் சொன்னது. காரணத்தை மறைக்காமல் சொன்னான். "வயலு கெட்டது மெய், கெணறு கெட்டது மெய். அதுக்குக் கேஸு நடக்கட்டும், நானும் வர்றேன். எங்க ஊட்டு சாவ இதுல சேக்காதீங்க."

கூட்டத்தில் கூச்சல் கிளம்பியது. கம்பெனிக்காரன்கிட்ட டப்பு வாங்கிட்டான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆப்பரேஷன் செலவெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சாம் என்றது இன்னொரு குரல். சரவணகுமார் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கு நடக்கிறது, மூன்று சாவும் வழக்கைவிட்டுப் போனதும் அதிகாரிகள் மறுபடி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். கால்வாய் கறுப்பாகத்தான் ஓடுகிறது.

பூமிகாவுக்கு முதல்தடவை கேமரா விட்டுப் பார்க்கும் நாள் வந்தபோது சரவணகுமாருக்குக் காய்ச்சல். ரம்யா மட்டும் அழைத்துப்போனாள். மகளை உள்ளே கொண்டுபோன கதவைப் பார்த்தபடி நாற்காலியில் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று திரையில் கண்ட அந்தக் கம்பளம் கண்ணை விட்டுப் போகவில்லை.

டாக்டர் வந்து, கடுகு தெளித்த மாதிரி சின்னச் சின்னதாக, எண்ணிவிடுகிற அளவுக்குத்தான் இருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். வருஷா வருஷம் வர வேண்டும். பள்ளிக்கூடம் முடிக்கிற வயசில் குடலை எடுத்துவிடலாம், அதுவரைக்கும் காத்துப் பார்ப்போம் என்றார். காத்துப் பார்ப்போம் என்ற வார்த்தையை ரம்யா ரயிலேறும் வரைக்கும் மனசுக்குள் புரட்டிக்கொண்டே வந்தாள்.

பட்டினி கிடந்த பூமிகா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வேகவேகமாகத் தின்றாள். அத்திப்பட்டு தாண்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, இப்பகூட அது வளந்துக்கினு இருக்குமா?"

ரம்யாவுக்குப் பொய் வாய் வரை வந்தது. "தெரியலடி," என்றாள்.

பொன்னேரி ஸ்டேஷனில் சரவணகுமார் காய்ச்சலோடு வந்து நின்றிருந்தான், காதைச் சுற்றித் துண்டு. எப்படியிருக்கு என்று மனைவியைக் கேட்கப் பயந்து மகளின் பையை வாங்கிக்கொண்டான். பூமிகாதான் முதலில் பேசினாள்.

"நைனா, உனக்கு எத்தன இருந்திச்சு?"

அவன் ரம்யாவைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்து, "எண்ண முடியலன்னாங்க, கண்ணு," என்றான்.

"எனக்கு எண்ணிட்டாங்க," என்று சொல்லிவிட்டு, பூமிகா அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.