சின்னவர்

வள்ளத்துக்குப் பெயர் வைத்த அன்று நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது. யாராவது ஒருவராவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முக்கியமாக நான்.

1938 சித்திரையில் என் ஏரம்பு அண்ணை முதன்முதலாகச் சொந்தத்தில் ஒரு வள்ளம் எடுத்தார். இரண்டு பேர் ஏறினால் மூன்றாவது ஆள் கரையில் நின்று கைகாட்ட வேண்டியதுதான். அந்த அளவு வள்ளங்களைத் துறைமுக அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், பதிகிற வழக்கம் இல்லை. முன்பக்கத்தில் எழுதியிருக்கிற பெயர்தான் அதற்கு அடையாளம். அதற்காக அண்ணை பலகை எழுதுகிற செபநாயகத்தைக் கூட்டிவந்துவிட்டார்.

"ஊரிலை எல்லா வள்ளத்துக்கும் அம்மன் பேர். எனக்குக் கேட்டவன் சிரிக்கிற மாதிரி ஒரு பேர் வேணும்" என்றார் அண்ணை.

நான் 'சுறுக்கர்' என்றேன், வள்ளம் ஆமை வேகத்தில் போகிறபடியால். செபநாயகம் தன் பங்குக்கு 'செபமாலை மாதா' என்றார். அண்ணை இரண்டையும் தள்ளிவிட்டு, அடுப்படி வாசலில் நின்ற தன் மனைவியை, என் மச்சாளைப் பார்த்தார்.

மகாதேவி மச்சாள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்லுவதில்லைத்தான். சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்பார்கள். ஆனால் மச்சாள் இன்னும் ஒருபடி மேலே. ஏரம்பு என்பதற்குக் கிட்ட வருகிறதென்று எறும்பு என்ற சொல்லையே விட்டுவிட்டார். "தம்பி, சீனிப் பேணிக்குள்ளை ஊருற பூச்சி ஏறியிட்டுது" என்றுதான் சொல்லுவார். முதலில் விளங்காமல் நான் அந்தத் தகரப் பேணிக்குள் மட்டத்தேளைத் தேடியிருக்கிறேன்.

"செபநாயகம், எழுது" என்றார் அண்ணை. "ஏரம்பு."

"உங்கடை பேரையோ?"

"என்ரை பேரைத்தான்" என்ற அண்ணை மச்சாள் பக்கம் திரும்பினார். "இஞ்சரும், இனி வள்ளம் வந்திட்டுதோ எண்டு கேக்கிறதெண்டாலும் நீர் என்ரை பேரைச் சொல்லவேணும். ஒரு வருஷத்துக்குள்ளை உம்மடை வாயாலை வரவைக்கிறன் பாரும்."

மச்சாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "வராது" என்றார். நாங்கள் மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மச்சாளா தோற்கிறவர்? மூன்றாம் நாளே, "தம்பி, சின்னவர் கரைக்கு வந்திட்டாரோ?" என்று என்னைக் கேட்டார். பெரியவர் அண்ணை, சின்னவர் வள்ளம். அந்தப் பெயர் துறையெல்லாம் பிடித்துக்கொண்டது. செபநாயகம் எழுதிய பெயரைப் பிறகு ஒருவரும் சொல்லவில்லை, நான் உட்பட.

ஆனி மாதம் நான் கருவாட்டோடு சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தபோது அண்ணை தனியே கடலுக்குப் போனார். மத்தியானம் சோளகம் மூசி அடித்தது. அந்தக் காற்று தெற்கிலிருந்து வந்து வள்ளத்தை அக்கரைக்கு, இந்தியாப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அண்ணை வரவில்லை. துறையில் இருந்த ஆண்கள் எல்லோரும் தேடக் கடலில் இறங்க, மச்சாள் மூன்று மைல் நடந்து கந்தோருக்குப் போனார். அங்கே சொன்னால் அக்கரைக்குத் தந்தி கொடுப்பார்கள்.

மேசையில் இருந்தவர் மட்டக்களப்பிலிருந்து புதிதாக வந்த வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவர். வள்ளத்தின் பெயரைக் கேட்டார். மச்சாளுக்குப் புருஷன் நடுக்கடலில் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ தெரியாத நேரத்தில், ஆயுளைக் குறைக்கிற அந்தச் சொல்லை எப்படிச் சொல்லுவது? சொல்லாமல் எப்படித் தேடச் சொல்லுவது?

"ஆரின்ரை வள்ளம்?"

"எங்கடை வீட்டுக்காரற்றை. அவரின்ரை பேர்தான் வள்ளத்துக்கும்."

அந்தப் பிள்ளைக்கும் வழக்கம் தெரியும். பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார். "பிள்ளையாரின்ரை பேர்" என்றார் மச்சாள். ஏரம்பன் என்றாலும் பிள்ளையார்தான், வேதக்காரருக்கு அது எங்கே தெரியும்? கணபதியோ, விநாயகமோ, பிள்ளையானோ என்று கேட்க, எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார். "ஊருற பூச்சி மாதிரி வரும்" என்றதும் அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டார். பின்னால் ஆட்கள் நின்று முணுமுணுத்தார்கள்.

"சரி, ஊரிலை என்னெண்டு சொல்லுறவை?"

"சின்னவர்."

"வீட்டிலை வேறை ஆம்பிளையின்ரை பேர் சொல்லுங்கோ."

"தம்பியார் இளையதம்பி."

புத்தகத்தில் இரண்டும் ஏறின. வள்ளம், சின்னவர். பெயர், இளையதம்பி. அப்படியே தந்தியும் போனது.

மறுநாள் நான் செய்தி கேட்டு அடித்துப்பிடித்துக் கந்தோருக்குப் போனேன். மேசையில் வேறொருவர் இருந்தார்.

"நான் இளையதம்பி. வள்ளம் விசயமா."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். "சின்னவர் தானே?"

"ஓம், சின்னவர்தான்."

"வந்திட்டீரோ?"

"ஓம், இப்பதான் சுன்னாகத்தாலை வாறன்."

"அப்ப ஒண்டுக்கும் யோசியாதையும்" என்று சிவப்பு மையால் அந்த வரியில் ஒரு கோடு இழுத்தார். முக்கியமென்று அடிக்கோடு போடுகிறார் என்று நினைத்தேன். கும்பிட்டுவிட்டு வந்தேன். மடையன், கும்பிட்டுவிட்டு வந்தேன்!

எட்டு நாள் கடலில் தேடினோம். ஒன்பதாம் நாள் திரும்பவும் கந்தோருக்குப் போய் அக்கரையிலிருந்து ஏதும் தகவல் உண்டோ என்று கேட்டேன். அவர் என்னைப் புதினமாகப் பார்த்தார். காணாமற்போன ஆள் வந்து தன்னைத் தானே தேடினால் வேறு எப்படிப் பார்ப்பது? பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

அந்தத் தந்தி மூன்றாம் நாளே வந்திருந்தது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே 'ஏரம்பு' என்று பெயர் எழுதிய சிறு வள்ளம் ஒதுங்கியிருக்கிறது, ஒருவர், உயிர் இருக்கிறது, பேச்சில்லை, உங்கள் ஆளா என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பெயரில் இங்கே எந்த வள்ளமும் காணாமற்போகவில்லை என்று பதில் போயிருந்தது.

சோளகத்தில் பாய் விரித்தால் ஒரு பகலில் அக்கரை. நான் போய் அவருடைய வாயில் ஒரு மிடறு தண்ணீராவது விட்டிருப்பேன். திரும்பத் தந்தி அடித்தோம். அந்த ஆள் ஆறாம் நாள் முடிந்துவிட்டார், தேடி ஒருவரும் வராதபடியால் ஊரவர்களே கொள்ளி வைத்துவிட்டார்கள் என்று பின்னேரம் பதில் வந்தது.

தந்தி எப்போது வந்தது, என்ன பதில் போனது என்பதை மச்சாளிடம் மறைக்கத்தான் பார்த்தேன். ஊர் மறைக்க விடவில்லை. அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் காரியமான அந்திரட்டி முடிந்த மறுநாள் காலை தேத்தண்ணி போட அடுப்படிக்குள் போனவர், பேணியைத் திறந்து பார்த்தபடி நின்றார்.

"தம்பி" என்றார். "சீனிக்குள்ளை எறும்பு."