சங்கத்துப் பிள்ளை

கிட்ட வாங்க கண்ணுங்களா, காத்தாடிக்குக் கீழே இடம் பார்த்து உட்காருங்க. இன்றைக்கு ஒரு வேகப்பந்து வீச்சுக்காரியின் கதை சொல்லப் போகிறேன். கிரிக்கெட் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இந்தக் கதையில் வரும் பெரிய மனிதர்களுக்கும் தெரியாது. அதை அவர்கள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

ஜொகூரில் லாயாங் லாயாங் என்ற ஊர். அங்கே தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் ஒரு வீடு. கூடத்தில் கிருஷ்ணம்மா மூன்றாவது வடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் லெட்சுமணன், வட்டார நலச் சங்கத்தின் செயலாளர். அவருக்கும் பக்கத்தில் மகன் மகேஸ்வரன், ஜொகூர் பாருவில் தங்கி தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண் ஷாமளா, மலேசியப் பெண்கள் அணிக்குப் பந்து வீசுகிறவள்.

"நம்ம ஆளுங்க கைப்பக்குவமே தனிதான்," என்றாள் கிருஷ்ணம்மா.

ஷாமளாவின் அம்மா ராசம்மா சிரிக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் நின்றாள்.

"அது சரி மணியம்," என்றார் லெட்சுமணன், பெண்ணின் அப்பாவைப் பார்த்து. "பழைய தோட்டத்துல நீங்க எந்த லயம்?"

என்ன ஜாதி என்று கேட்பது அநாகரிகம், கண்ணுங்களா. படித்தவர்கள் கேட்க மாட்டார்கள். எந்த லயம் என்று கேட்பார்கள். தோட்டம் இருந்த காலத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு ஜாதிக்கு மேட்டு லயம், இன்னொரு ஜாதிக்குப் பள்ளத்து லயம். இப்போது அங்கே லயமும் இல்லை, மேடும் இல்லை, எல்லாவற்றையும் புல்டோசர் சமமாக்கிவிட்டது. மனிதர்களை மட்டும் அதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை எந்த ஜாதிகள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது ஒருத்தர் நிமிர்ந்து உட்காருவீங்க.

ஷாமளா 'நம்ம ஆளு' ஆனது சமீபத்தில்தான். பத்து வயதில், டேப் சுற்றிய டென்னிஸ் பந்தைச் செம்மண் சாலையில் வீசத் தொடங்கியபோது அவள் யாருடைய ஆளும் இல்லை. "பொட்டப்புள்ள கையச் சுழட்டிக்கிட்டு ஓடினா எவன் கட்டுவான்?" என்றது ஊர். பத்தொன்பதில் நாட்டுக்காக ஆடினாள். முதுகின் அடியெலும்பில் விரிசல் விழுந்தது. வலியே இல்லை என்று பயிற்சியாளரிடம் பொய் சொல்லி நாலு மாதம் வீசினாள். அப்புறம் ஒரு வருஷம் படுக்கை. அப்போதும் யாருடைய ஆளும் இல்லை. போன வருஷம் பேங்காக்கில் ஒரே ஆட்டத்தில் ஐந்து விக்கெட். பத்திரிகையில் கால் பக்கம் படம் வந்தது. மறுநாள் காலை நம்ம ஆளாகிவிட்டாள்.

செய்தியில் தோட்டத்தின் பெயரைப் பார்த்த லெட்சுமணன், அங்கே கெட்டிக்காரர் என்றால் தன் ஜாதியைத் தவிர வேறு யார் இருக்க முடியும் என்று ஆராய்ந்து கண்டுபிடித்தார். ஆராய்ச்சிக்கு ஒரு கோப்பி குடிக்கும் நேரம் ஆனது. சங்கம் மண்டபம் பிடித்தது, மாலை போட்டது, வெள்ளிக் கோப்பை கொடுத்தது. "வேகம் நம்ம ரத்தத்துலயே ஓடுது!" என்று அவர் முழங்க, கைதட்டல் அடங்கவில்லை. யாருடைய நலத்துக்கான சங்கம் என்பது பெயர்ப்பலகையில் இருக்காது. மேடையில் மாட்டியிருந்த ஜாதித் தலைவர்களின் படங்களைப் பார்த்ததும் மணியத்துக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மகளுக்கு முதல் தடவையாக மாலை விழுகிறது. எந்த அப்பன் எழுந்து தடுப்பான்?

இப்போது சம்பந்தமும் வாசலுக்கே வந்திருக்கிறது. ஷாமளாவுக்கு இருபத்தெட்டு வயது. வெயிலில் கறுத்தவள், ஆண்கள் பார்க்க ஓடுகிறவள் என்று நாலு இடம் தட்டிப்போயிருந்தது. மகேஸ்வரன் அவள் ஆட்டத்தைப் பார்க்க வெயிலில் வந்து நின்றவன். அவளுக்கும் பிடித்திருந்தது.

"மேட்டு..." என்று ஆரம்பித்தார் மணியம்.

"பள்ளத்து லயம் அங்கிள்," என்றாள் ஷாமளா. "கடைசி வீடு. அப்பா சொல்லச் சங்கடப்படுறாரு."

கிருஷ்ணம்மாவின் வாயிலிருந்த வடைக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. விழுங்கினால் ஜாதி போகும், துப்பினால் மரியாதை போகும். விழுங்கிவிட்டாள். அதற்காக அவளை இன்றுவரை நான் மதிக்கிறேன்.

"பேசிட்டுச் சொல்றோம்," என்று எழுந்தார் லெட்சுமணன். மகேஸ்வரன் தரையின் மொசைக்கை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டு வெளியே போனான்.

"ஒரு வார்த்தைதானேம்மா," என்றார் மணியம். "தோட்டமே இல்ல. எவன் போய்ப் பாக்கப் போறான்?"

"முதுகு உடைஞ்சப்ப நாலு மாசம் பொய் சொன்னேன்பா. ஒரு வருஷம் படுத்துக் கிடந்தேன். இது ஆயுசுக்கும் சொல்ல வேண்டிய பொய்."

நாலு நாள் கழித்து மகேஸ்வரன் போன் செய்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லலா ஷாமளா. நான் அதெல்லாம் பாக்கறதில்ல. அம்மாவுக்குத்தான் பிரஷர் ஏறிடுச்சு. கொஞ்சம் டைம் குடு."

"எவ்வளவு?"

அவள் வீசும் பந்துக்கு மட்டை பிடிப்பவளுக்கு யோசிக்க ஒரு வினாடிகூடக் கிடைக்காது. இவனுக்கு இரண்டு மாதம் போதவில்லை. போன் வந்த அன்று ஷாமளா பயிற்சிக்குப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ராசம்மா வெளியே உட்கார்ந்து, சுத்தமாக இருந்த அரிசியிலேயே கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம் லெட்சுமணன் தனியாக வந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நான் ஜாதி பாக்கறவன் இல்ல."

பார்க்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"சங்கத்து ரூல்ஸ்ல, கோப்பை உறுப்பினர் பிள்ளைங்களுக்கு மட்டும்தான். கமிட்டியில கேள்வி வந்துருச்சு. ஒரு நிர்வாகத் தவறு. அதான்..."

ஷாமளா அலமாரி மேலிருந்து கோப்பையை எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தாள். "அஞ்சு விக்கெட்டையும் திருப்பிக் கேக்கலையா அங்கிள், கமிட்டி?"

அவர் காது கேட்காதவர் மாதிரி சிரித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு விஷயம். என் பேத்தி சாந்தினி இருக்கா, மூத்த மகளோட பொண்ணு, பதிமூணு வயசு. ஸ்கூல்ல பந்து போடறா, நல்ல வேகம். அடுத்த மாசம் ஸ்டேட் செலக்ஷன். உன் படத்த ரூம்ல ஒட்டி வெச்சிருக்கா, சொன்னாலும் கழட்ட மாட்டேங்கறா. நீ வாரத்துல ரெண்டு நாளு சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும். வெளிய தெரிய வேணாம். பாலோ பக்கம் ஒரு திடல் இருக்கு, யாரும் வர மாட்டாங்க."

"அலமாக்!" என்றாள் ராசம்மா, அடுப்படியிலிருந்து. "இந்த மனுஷனுக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கா?"

ஷாமளா கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினாள். "ஓடி வந்து போடறப்போ முன்கால் எப்படி இறங்குது, பாத்தீங்களா?"

"அதெல்லாம் எனக்கென்னம்மா தெரியும்."

"தப்பா இறங்கினா என்னை மாதிரி முதுகு போயிடும் அங்கிள். பாவம் சின்னப்புள்ள. நான் சொல்லித் தரேன்."

அவர் முகம் மலர்ந்தது.

"பாலோ எல்லாம் வேணாம். நம்ம வீட்டு முன்னால இருக்கற திடல்லதான். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும். இந்தக் கோப்பைய ஏன் திருப்பி வாங்கினீங்கன்னு அவகிட்ட நீங்களே சொல்லணும். நிர்வாகத் தவறுன்னு இல்ல, நிஜக் காரணத்த. சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க."

"சின்னப்புள்ளகிட்டப் போயி அதையெல்லாம் எப்படிம்மா சொல்றது?"

"எங்க வீட்டுக்கு வந்து கோப்பையத் திருப்பிக் கேக்க முடிஞ்சுதே அங்கிள்."

லெட்சுமணன் கோப்பையோடு காரில் ஏறிப் போனார். எந்தக் கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தாலும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிறவர், ஒரு பிள்ளையிடம் சொல்ல ஒரு வரி கிடைக்காமல் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். மாநில அணித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஷாமளா தினமும் சாயங்காலம் திடலில் தனக்கு ஒரு செட் ஸ்டம்பும், பக்கத்தில் சாந்தினிக்கு இன்னொரு செட் ஸ்டம்பும் நட்டு வைத்துவிட்டுத்தான் பந்தைக் கையில் எடுக்கிறாள்.

சரி, புறப்படுங்க கண்ணுங்களா. உங்க வீட்டுப் பிள்ளைங்க எதைக் கேட்டாலும், அதுங்க முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய வீடாக உங்க வீடு இருக்கட்டும். அந்த வீட்டில் சிரிப்பும் சோறும் குறையாமல் இருக்கட்டும். நல்லா இருங்க.