அக்கரையில் முப்பத்து நாலாவது பிள்ளை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லோபன் டீச்சரை நான் திட்டாத திட்டு கிடையாது. பின்னால் யாராவது வந்து "கெஸையா, நீயா அந்த டீச்சருக்காகப் பேசினாய்?" என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

சண்டை எல்லாம் வெள்ளிக்கிழமையால் வந்தது. எங்கள் மலையில் சனிக்கிழமை விடிந்தால் கீழே டவுனில் சந்தை. வெள்ளிக்கிழமை காலையிலேயே வள்ளிக்கிழங்கைத் தோண்டி, மண் கழுவி, சீமைப்பலாவைப் பறித்து, கூடை கட்டிக் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். ஆண்பிள்ளைகள் எல்லாம் வாழைத்தோட்டத்தில் சம்பாதிக்கிறேன் என்று கோஸ்டா ரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அப்புறம் பிள்ளைகளின் தலையில் கூடை வைக்காமல் யார் தலையில் வைப்பது? அதனால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஈ ஓட்டுவாள்.

சர்க்காருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடக் கட்டடம் மிஷனுடையது. டீச்சர் சம்பளம், சிலேட்டு, புத்தகம் எல்லாம் தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து வரும் சர்க்கார் மானியம். மூன்று மாதத்துக்குச் சராசரி பார்த்தால் தினம் முப்பது பிள்ளையாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா தலையைக் காட்டிவிட்டு ஓடினால் செல்லாது, இரண்டு மணி நேரம் பாடம் கேட்டிருக்க வேண்டும். குறைந்தால் மானியம் நிற்கும், டீச்சர் மூட்டை கட்டுவாள். அடுத்த பள்ளிக்கூடம் ஏழு மைல் தள்ளி. என் மகள் இஸ்மேக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் மூடினால் என் கூடை அவள் தலைக்குப் போகும், சாகும்வரை இறங்காது.

ராணியம்மா பட்டமேறிய அறுபதாம் ஆண்டு விழாவுக்கு முந்தின வருஷம், அந்த மூன்று மாதத்தின் கடைசி வியாழக்கிழமை சாயங்காலம், டீச்சர் சேற்றில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு ட்ருசில்லாவும் அங்கேதான் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள்.

"மிஸ் கெஸையா, நாளைக்கு முப்பத்து நாலு பேர் வந்தாத்தான் சராசரி முப்பது வரும். அஞ்சாறு பேர் அம்மை போட்டுக் கிடக்குது. பள்ளிக்கூடத்துப் பக்கம் பதினெட்டு, ஆத்துக்கு இந்தப் பக்கம் பதினாறு. ஒண்ணுகூடக் குறையக்கூடாது."

"ஏன் டீச்சர், அந்தப் பெரிய புத்தகத்துல ஒரு கோடு சேத்துப் போட்டா கை ஒடிஞ்சிடுமா?"

"வராத பிள்ளைக்கு நான் கோடு போட மாட்டேன்."

"பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் என்ன, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மரத்து மேல ஏறி உக்காந்து எண்ணிக்கிட்டா இருக்காரு?"

"அவர் எண்ணல. நான் எண்ணுறேனே, மிஸ் கெஸையா."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கெஞ்சவில்லை. குறைந்த கோடெல்லாம் யாரால் குறைந்தது? நான் கூடை தூக்க நிறுத்திவைத்த வெள்ளிக்கிழமைகள்தானே!

ட்ருசில்லாதான் பேசினாள். "சரி டீச்சர், போங்க. ஒரு சந்தை போனா நாங்க செத்துப் போயிட மாட்டோம். இவ கத்துவா, ஆனா கூட்டிட்டு வந்துடுவா."

ராத்திரி மழை கொட்டியது. காலையில் ஆறு இடுப்பளவு ஓடியது. எங்களுக்கென்ன, தலையில் ஒரு மூட்டைக் கிழங்கோடு அதே ஆற்றைக் கடக்கிறவர்கள்தானே? கிழங்குக்குப் பதிலாகப் பிள்ளைகளைத் தூக்கினோம். ட்ருசில்லா ஐந்து, நான் பத்து. கழுத்தை நெரித்தது ஒன்று, காதைக் கடித்தது ஒன்று. இஸ்மே பெரியவள் என்பதால் சின்னதுகளை ஏற்றி ஏற்றி அனுப்பிவிட்டு, கடைசியாகக் கரையில் தனியாக நின்றாள்.

அவளுக்காகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தேன். முதுகில் ஏற்றி நான்கு எட்டுக்கூட வைக்கவில்லை, மேலே மலையில் பெய்த தண்ணீர் திமுதிமுவென்று இறங்கிவிட்டது. ஒரு முழு மரம் எங்களை உரசிக்கொண்டு போனது. காலடியில் கல் புரண்டது. எப்படியோ ஒரு வேரைப் பிடித்து, பிள்ளையோடு திரும்பக் கரைக்கே ஏறினேன்.

எதிர்க்கரையிலிருந்து டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாள். "வராதீங்க! அங்கேயே நில்லுங்க! பள்ளிக்கூடம் போனாப் போகுது, பிள்ளையைத் தண்ணியில இறக்காதீங்க!"

"அம்மா, இன்னொரு தடவை பாக்கலாம்மா. நான் நல்லாப் பிடிச்சுக்கறேன்," என்றாள் இஸ்மே.

"வாயை மூடு. உன்னை ஆத்துக்குக் குடுத்துட்டு எனக்கு எதுக்குடி பள்ளிக்கூடம்?"

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். முப்பத்து மூன்று பேர் அக்கரை சேர்ந்தாயிற்று, குறைந்தது என் பிள்ளை. இத்தனை வெள்ளிக்கிழமை நானே நிறுத்திவைத்தவள்!

டீச்சர் மேட்டில் ஏறிப் போனாள். கதவைப் பூட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், பள்ளிக்கூடமே இறங்கி வருகிறது! பெரிய பிள்ளைகள் தலையில் பெஞ்சு. இரண்டு பையன்கள் தலையில் கரும்பலகை. டீச்சர் கக்கத்தில் சால்வையில் சுற்றிய பதிவேடு. ஆற்றங்கரையில் பெஞ்சைப் போட்டு, பலகையை மரத்தில் சாய்த்து, எங்களைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒரு கல்லை வீசினால் விழுகிற தூரம்தான், ஆனால் தண்ணீர் இரைச்சல் காதை அடைத்தது.

டீச்சர் பெயர் கூப்பிட்டாள். கடைசியில் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, "இஸ்மே மினாட்!"

"உள்ளேன் டீச்சர்!" என் பிள்ளை போட்ட சத்தத்தில் கரையில் மேய்ந்த கழுதை மிரண்டது.

"ஏ கெஸையா!" என்று அந்தப் பக்கமிருந்து ட்ருசில்லா கத்தினாள். "உன் பேரையும் கூப்பிடச் சொல்லவா?"

மழை எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாடம். முழுக்க நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வேறென்ன பாடம் வேண்டும்? டீச்சர் ஒரு வரி கத்துவாள், முப்பத்து மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கத்தும், இந்தப் பக்கம் இஸ்மே திருப்பிக் கத்துவாள். அப்புறம் தொப்பிக்குள் வைத்திருந்த புத்தகத்தை எடுத்து, தன் முறை வந்தபோது ஒரு பக்கம் முழுக்க நின்று வாசித்தாள். அவள் வாசித்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. வீட்டில் எப்போது கேட்டேன்? புத்தகத்தை எடுத்தாலே தண்ணீர் கொண்டுவா, கோழியை அடை என்று விரட்டியவள் நான். ஒரு வார்த்தையில்கூடத் தடுக்காமல் வாசித்தாள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

முழுசாக இரண்டு மணி நேரம். முடியும்போது டீச்சருக்குக் குரலே இல்லை. அப்புறம்தான் கோடு போட்டாள். நடந்ததை நடந்தபடியே பதிவேட்டின் ஓரத்தில் எழுதியும் வைத்தாள், ஒரு பிள்ளை அக்கரையில் இருந்தாள் என்று. அதை எழுதாமல் விட்டிருக்கலாம். அவளா விடுவாள்!

மூன்று வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். நாங்கள் ஐந்தாறு பேர் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். ஓரத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்குப் பாடம் எப்படிக் கேட்கும்? இதை வருகைன்னு ஒத்துக்க முடியாதும்மா. இந்தக் கோட்டை அடிச்சிட வேண்டியதுதான்."

"கேட்டுதுங்க ஐயா," என்றாள் டீச்சர். பேனா கோட்டின் மேல் வந்து நின்றது.

நான் எப்போது உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது.

"ஐயா, அந்தக் கரையில நானும் இருந்தேன். நல்லாக் கேட்டுச்சு."

"நீ யாரம்மா?"

"அந்தப் பிள்ளையோட தாய். கெஸையா மினாட். கிழங்கு விக்கிறவ."

"படிக்கத் தெரியுமா உனக்கு?"

"என் பேரைக்கூட எழுதத் தெரியாதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கு என்ன பாடம்? சொல்லு பாக்கலாம்."

பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினால் அந்த இரைச்சலும் இஸ்மேயின் சத்தமும் அப்படியே வந்தன.

"வெயில் கடலைச் சூடாக்குது. சூட்டுல தண்ணி ஆவியாகுது. ஆவி கண்ணுக்குத் தெரியாம மேல போகுது. மேல குளிர்ந்து மேகமாகுது. காத்து மேகத்தை மலைக்குத் தள்ளுது. மலை தடுத்தா மேகம் இன்னும் மேல ஏறி, இன்னும் குளிர்ந்து, மழையாப் பெய்யுது. ஆவி எதனால மேல போகுதுன்னு டீச்சர் கேட்டாங்க. ட்ருசில்லா மகன் பேய் தூக்கிட்டுப் போகுதுன்னான். தப்பு. ஆவிக்குக் கனம் கம்மி, அதனால போகுது..."

பிள்ளைகள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவை மையில் தோய்த்து, முப்பத்து நாலு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"போதும்மா," என்றார். "போதும், ஒத்துக்கிட்டேன்."

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெஞ்சில் இஸ்மே என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. நான் நிறுத்தவில்லை.