பழைய அட்டையில் புதுப் பிலிம்

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில், எக்ஸ்ரே அறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் நடுவே ஒரே ஒரு கதவுள்ள பொந்து அது. பதினெட்டு வருடமாக அதற்குள் உட்கார்ந்து ஊரார் சொறி, படை, தேமலையெல்லாம் படம் பிடிக்கிறேன். எல்லோரும் என்னை ‘போட்டோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

பெரிய டாக்டருக்கு ஸ்லைடுதான், அதாவது அட்டைச் சட்டத்தில் செருகிய பிலிம் படம்தான், வேண்டும். கம்ப்யூட்டர் படத்தைக் காட்டினால் எரிந்து விழுவார். “அதுல எவன் வேணா கலரை மாத்தலாம்யா. ஸ்லைடுல கை வைக்க முடியுமா?” என்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, ஒரே பிலிம். பழைய ஸ்லைடையும் புதியதையும் விளக்குப் பெட்டி மேல் அருகருகே வைத்துப் பார்ப்பார். சிவப்பு கூடியிருந்தால் மருந்து மாறும்.

நான் வைத்த சட்டம் ஒன்றும் உண்டு. நோயாளி முதல் தடவை போட்ட சட்டையையே ஒவ்வொரு தடவையும் போட்டு வர வேண்டும். சட்டைக்கையின் விளிம்பிலிருந்து படை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளக்க அது வசதி. அந்தச் சட்டம்தான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

பிலிம் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் போட்டுவந்த பிலிம் தங்கம். தோலைத் தோலாகக் காட்டும், கூட்டாது, குறைக்காது. ஒரு நாள் அது கடைகளில் இல்லாமல் போனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். கேமரா கடை வைத்திருக்கும் என் மச்சினனைப் போய் உலுக்கினேன்.

“மாமா, அது போயே போச்சு. கம்பெனியே நிறுத்திட்டான்.”

“எங்கயாவது ஒரு மூலையில கிடக்கும்டா.”

“நான் என்ன புதைச்சா வச்சிருக்கேன்? இந்த ரெண்டு வகைதான் இருக்கு. வேணும்னா எடுத்துக்க, இல்லன்னா என் உயிரை வாங்காத.”

இரண்டிலும் என் கையையே படம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் நிழலெல்லாம் நீலம், தண்ணீரில் ஊறிய பிணத்தின் கை போல இருந்தது. மற்றது பூவும் இலையும் எடுப்பவர்கள் கொண்டாடுகிற பிலிம். அதில் சிவப்பு கண்ணைக் குத்தியது. ஆனால் உயிருள்ள கை.

டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம்தான், ஏதோ மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்ன லேப்காரரை வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் கிழி கிழியென்று கிழித்திருந்தார். எனக்குப் பயம். சிவப்புப் பிலிமை மாட்டி, பழைய பிலிமின் பெயர் அச்சிட்ட அட்டைச் சட்டங்களில் செருகிக் கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் ஓடியது.

முதல் ரோலில் முதல் ஆள் ஒரு டீச்சர். சிவப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் கடும் மாத்திரைக்கு மாற்றினார். அதைச் சாப்பிட்டால் இரண்டு வருடம் பிள்ளை பெறக்கூடாது. டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. என் அறைக்குள் வந்து உட்கார்ந்து அழுதார், நான் தண்ணீர் கொடுத்தேன். நிஜமாகவே கூடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் களிம்புதான் மாறியது, யாருக்கும் அந்த மாத்திரை போகவில்லை, நானும் மூச்சு விட்டேன்.

நேற்று தையல்கார அம்மா வந்தார். அம்மா என்ன அம்மா, இருபத்தாறு வயதுப் பெண். முழங்கைக்குக் கீழே படை. இடையில் இரண்டு தடவை வராமல் போனதால் அவருடைய முந்தின ஸ்லைடு பழைய பிலிம். இன்று புது ஸ்லைடு தயாரானதும் டாக்டர் என் அறைக்கே வந்துவிட்டார். கதவை அடைத்தபடி அவர், உள்ளே விளக்குப் பெட்டி, அதன் முன்னால் நேற்றுப் போட்டிருந்த சட்டையிலேயே அந்தப் பெண், சுவரோடு சுவராக நான்.

“கூடியிருக்கு. மாத்திரை மாத்தணும்” என்றார். சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு வருடக் கணக்கையும் சொன்னார்.

அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. “அரிப்பு நல்லா குறைஞ்சிருக்கே சார். இப்பதான் நாங்க குழந்தைக்குப் பார்த்துட்டிருக்கோம்.”

“அரிப்பை விடும்மா. படம் பொய் சொல்லாது.”

வாயைத் திறடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறதே என்றுதான் யோசித்தேன், வெட்கங்கெட்டவன்.

அந்தப் பெண் குனிந்து ஸ்லைடுகளைப் பார்த்தார். நிமிர்ந்து தன் சட்டைக்கையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

“சார், இது அதே சட்டைதான?”

“அதே சட்டைதான். போட்டோ வேற சட்டை போட விடவே மாட்டானே.”

“இந்த விளிம்புத் தையல் நான் போட்டது. மூணு கடை ஏறி எடுத்த அரக்கு நூல். பழைய படத்துல அரக்காதான் இருக்கு. இதுல பாருங்க, ரத்தச் சிவப்பு. துவைக்கத் துவைக்க நூல் வெளுக்கும் சார். சிவந்ததை நான் பார்த்ததில்ல.”

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “என்னய்யா போட்டோ?”

வெளியே போக ஒரே கதவு. அதில் அவர் நின்றார்.

“பிலிம் வேற சார்” என்றேன். “அட்டை மட்டும்தான் பழசு.”

கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். கத்தவில்லை. சீட்டை வாங்கிப் புது மாத்திரையை அடித்தார். “நீ பழைய மருந்தே போடும்மா, போயிட்டு வா” என்றார். அந்தப் பெண் போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

“எப்பலேர்ந்து?” என்றார் டாக்டர்.

“எட்டு மாசம் சார்.”

“இதை நம்பி நான் யாருக்காவது மாத்திரை மாத்தினேனா?”

“டீச்சருக்கு.”

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார்.

“நான் பண்ண மாட்டேன். நீதான் சொல்லணும்.”

டீச்சரின் சீட்டைப் பார்த்து எண்ணை அழுத்தினேன். மணி நாலு தடவை அடித்தது. எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், எடுத்துவிட்டார்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து... போட்டோ பேசறேன் டீச்சர்.”

“அட, போட்டோ அண்ணாவா!” குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “நூறு ஆயுசு உங்களுக்கு. இப்பதான் இவர்கிட்ட சொல்லிட்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரில என்னை மனுஷியா பார்த்தது அவர் ஒருத்தர்தான், அன்னிக்குத் தண்ணி குடுத்தாரேன்னு. சொல்லுங்கண்ணா, என்ன விஷயம்?”

“டீச்சர்,” என்றேன், “கொஞ்சம் உட்காருங்க.”